மங்கிய கண்கள் வரைந்த தோட்டம்

இங்கிலாந்தின் பழைய மாளிகைத் தோட்டங்களைப் படங்களிலாவது பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் உயரமான மதில். அதை ஒட்டி நீளமான பூப்பாத்தி. பின்வரிசையில் ஆள் உயரச் செடிகள், நடுவில் இடுப்பளவு, முன்னால் கணுக்கால் அளவு என்று இறங்கிவரும் பூக்கூட்டம். இதற்கு 'ஹெர்பேஷியஸ் பார்டர்' என்று பெயர். பார்ப்பதற்குத் தானாக முளைத்துப் பூத்ததுபோல் இருக்கும். உண்மையில் அதில் ஒவ்வொரு செடியும் கணக்குப் போட்டு நடப்பட்டது.

இந்தப் பாத்தியில் இருப்பவை பெரும்பாலும் கட்டையாகத் தண்டு முற்றாத செடிகள். டெல்ஃபினியம், லூபின், பியோனி, ஃபிளாக்ஸ் போன்றவை. குளிர்காலம் வந்தால் இலையும் தண்டும் வாடி மண்ணோடு போய்விடும். வேர் மட்டும் உயிரோடு உறங்கும். வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். அதாவது, ஆண்டுதோறும் அழிந்து ஆண்டுதோறும் பிறக்கும் தோட்டம் இது. செஷயர் வட்டாரத்து ஆர்லி ஹால் மாளிகையில் 1846இலேயே இருந்த இரட்டை பார்டரை இன்றும் பார்க்கலாம்.

ஆனாலும் விக்டோரியா மகாராணி காலத்தில் நாகரிகமாகக் கருதப்பட்டது வேறு. கண்ணாடிக் கூடங்களில் ஆயிரக்கணக்கில் நாற்று வளர்த்து, கோடையில் கொண்டுவந்து வட்டமும் சதுரமுமாக நட்டு, பருவம் முடிந்ததும் பிடுங்கி எறிவார்கள். வில்லியம் ராபின்சன் என்ற தோட்டக்கலை எழுத்தாளர் இதைக் கடுமையாகச் சாடினார். 1883இல் வந்த அவருடைய 'தி இங்கிலிஷ் ஃபிளவர் கார்டன்' நூல், குளிரைத் தாங்கி ஆண்டுதோறும் தழைக்கும் செடிகளின் பக்கம் மக்களைத் திருப்பியது.

அந்தச் செடிகளைக் கலையாக்கியவர் அவருடைய நண்பர் கெர்ட்ரூட் ஜீகல் (1843–1932). ஜீகல் ஓவியம் பயின்றவர். டர்னரின் ஓவியங்களைப் பார்த்து வரைந்து பழகியவர். எம்பிராய்டரியிலும் கை தேர்ந்தவர். ஆனால் கிட்டப்பார்வை ஆண்டுக்கு ஆண்டு மோசமாகிக்கொண்டே வந்தது. கண்ணுக்கு அருகில் வைத்துச் செய்யும் நுண்வேலைகளை விட்டுவிடும்படி 1891இல் கண் மருத்துவர் சொல்லிவிட்டார். தூரிகையும் ஊசியும் போயின. முன்பே பழகியிருந்த தோட்டவேலை அவருடைய முழுநேரக் கலையாயிற்று.

சர்ரே வட்டாரத்தில் 'மன்ஸ்டெட் உட்' என்ற தம் இல்லத்தில் அவர் அமைத்த பார்டர் 200 அடி நீளம், 14 அடி அகலம். ஒரு முனையில் நீலம், சாம்பல், வெள்ளை, வெளிர்மஞ்சள். நடக்க நடக்க மஞ்சள் அடர்ந்து, ஆரஞ்சாகி, நடுவில் சிவப்பாகக் கொழுந்துவிட்டு எரியும். பிறகு அதே வரிசையில் தணிந்து, மறுமுனையில் ஊதாவும் சாம்பலுமாக முடியும். நீலத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அடுத்து வரும் மஞ்சள் இன்னும் பளிச்சென்று தெரியும் என்பது ஓவியருக்குத் தெரிந்த உண்மை. அதை அவர் மண்ணில் செய்து காட்டினார். அந்தச் சிவப்புப் பகுதிக்கு அவர் எடுத்துக்கொண்ட செடிகளில் ஒன்று கன்னா. நம் ஊர்ச் சாலையோரங்களில் வெயிலில் நிற்கும் கல்வாழைதான்!

பூ என்றால் வாடத்தானே செய்யும்? வாடிய இடம் ஓட்டையாகத் தெரியாதா? அதற்கும் வழி வைத்திருந்தார். டெல்ஃபினியம் பூத்து ஓய்ந்ததும், அதன் பின்னால் நட்டிருந்த பட்டாணி இனத்துப் பூங்கொடியை அதன்மேல் படரவிடுவார். அது ஓய்ந்ததும் கிளமேட்டிஸ் கொடி. அப்படியும் இடைவெளி தெரிந்தால் லில்லி, ஹைட்ரேஞ்சா தொட்டிகளைக் கொண்டுவந்து நிரப்புவார். ஒரே பாத்தி ஆண்டு முழுவதும் அழகாக இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்படவில்லை. பெரிய பார்டர் கோடைக்கும் இலையுதிர் காலத் தொடக்கத்துக்கும். வசந்தத்துக்குத் தனித் தோட்டம்.

இத்தனைக்கும் ஆள் பலம் வேண்டும். சாயும் தண்டுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேர்களைத் தோண்டிப் பிரித்து நட வேண்டும். உலகப் போர்களுக்குப் பிறகு அத்தனை தோட்டக்காரர்களை வைத்துக்கொள்ளப் பலருக்கும் வசதியில்லை. ஜீகல் ஏறத்தாழ 400 தோட்டங்களுக்குத் திட்டம் வரைந்தவர். அவற்றில் பெரும்பாலானவை புல் மண்டியோ, உருமாறியோ மறைந்தன.

மிஞ்சியது காகிதம். புதுடில்லியின் குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்த எட்வின் லட்யென்ஸுடன் சேர்ந்து, சாமர்செட்டின் ஹெஸ்டர்கோம் மாளிகைக்கு ஜீகல் ஒரு தோட்டம் அமைத்திருந்தார். பிற்காலத்தில் அந்த மாளிகை தீயணைப்புப் படையின் தலைமையகமானது. தோட்டக் கொட்டகையில் ஜீகலின் நடவு வரைபடங்கள் கிடைக்க, 1970களில் தோட்டத்தை அதன்படியே மீட்டெடுத்தார்கள். அவருடைய வேறு பல வரைபடங்களை அமெரிக்கத் தோட்டக் கலைஞர் பியாட்ரிக்ஸ் ஃபேரண்ட் வாங்கிப் பாதுகாத்தார். அவை இன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. மன்ஸ்டெட் உட் இல்லத்தை 2023இல் பிரிட்டனின் நேஷனல் டிரஸ்ட் வாங்கியது.

இங்கிலாந்தில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஜூலை, ஆகஸ்ட் மாதமாக இருந்தால் ஹெஸ்டர்கோமுக்கோ ஆர்லி ஹாலுக்கோ ஒரு நடை போய்வரலாம். பாத்தியின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை மெதுவாக நடங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவராக இருந்தால், நின்ற இடத்தில் அதை ஒரு நிமிடம் கழற்றிவிட்டுப் பாருங்கள். பூக்கள் கலங்கிப்போகும்; நிறங்கள் மட்டும் தெரியும். ஜீகல் பார்த்த தோட்டம் ஏறக்குறைய அதுதான்.