எண்பது சென்டிமீட்டர்

பதிவு கொஞ்சம் நீளம். கார் வைத்திருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து முழுக்கப் படித்துவிடுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போர்ட்டிகோவிலிருந்து காரை ரிவர்ஸ் எடுத்தேன். பின்னால் 'மடக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பேத்தியின் மூன்று சக்கர சைக்கிள் பம்பருக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறது. அரை நிமிடத்துக்கு முன்னால்தான் அவள் அதிலிருந்து இறங்கி, தண்ணீர் கேட்டு உள்ளே போயிருக்கிறாள். என் துணைவியார் ஒரு வார்த்தை பேசவில்லை. சைக்கிளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. அன்று முழுக்க நான் வண்டியைத் தொடவில்லை.

2020-இல் வாங்கிய வண்டி அது. 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தயாராகும் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். இதிலும் இருக்கிறது. பிறகு ஏன் கத்தவில்லை? நான்தான் கத்தவிடாமல் செய்திருந்தேன். குரோட்டன்ஸ் தொட்டிக்கும் பீப், கேட்டுக்கும் பீப், துளசி மாடத்துக்கும் பீப். எரிச்சல் தாங்காமல் மெக்கானிக்கிடம் சொல்லி அந்த ஒயரைக் கழற்றிவிட்டேன். முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தியவன் செய்த வேலை இது! எதிரொலி திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தூரம் காணும் கணக்கை உங்களுக்கெல்லாம் கரும்பலகையில் போட்டுக் காட்டினேனே, பம்பரில் பொத்தான் மாதிரி இருக்கும் அந்தச் சென்சார்கள் செய்வது அதே கணக்குதான்.

கண்ணாடியில் பார்த்துத்தானே எடுத்தீர்கள் என்று கேட்பீர்கள். பார்த்தேன். ஓட்டுபவரின் கண்ணிலிருந்து பின்கண்ணாடியின் கீழ்விளிம்பைத் தொட்டு ஒரு நேர்கோடு இழுத்துப் பாருங்கள். அது தரையைத் தொடுவதற்குள் வண்டிக்குப் பின்னால் பல மீட்டர் போய்விடும். அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் குழந்தையை உள்கண்ணாடியில் பார்க்கவே முடியாது. வண்டி உயரமாக இருந்தால் மறைவும் அதிகம். பெரிய வண்டிதான் பாதுகாப்பு என்று நினைத்து வாங்குகிறோம். அது உள்ளே இருப்பவனுக்கு.

இந்தக் கவலையில் பத்து நாள் உட்கார்ந்து வெளிநாட்டு விதிகளைப் படித்தேன். அமெரிக்காவில் 2002-இல் ஒரு குழந்தை மருத்துவர் தன் வீட்டு வாசலில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, தன்னுடைய இரண்டு வயது மகன் மீதே ஏற்றிவிட்டார். அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2008-இல் சட்டம் வந்தது. விதியை 2011-க்குள் எழுதி முடிக்கச் சொன்னது சட்டம். செலவுக் கணக்கு பார்த்துப் பார்த்து 2014 ஆகிவிட்டது. எல்லாப் புதிய கார்களிலும் பின்காமிரா கட்டாயமானது 2018 மே மாதம். ரிவர்ஸ் கியர் போட்ட 2 நொடிக்குள் திரையில் படம் வரவேண்டும், வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளம் தெரியவேண்டும். விதி எழுதிய காலத்தில் அந்த நாட்டில் இப்படி வருடத்துக்கு ஏறக்குறைய 210 பேர் இறந்துகொண்டிருந்தார்கள் என்பது அரசின் மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

ஐ.நா.வின் 158-ஆம் எண் வாகன விதி 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ஜப்பான் அதை ஏற்று 2022 மே முதல் புதிய மாடல்களுக்குக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியமும் அதே ஆண்டு ஜூலையில் தொடங்கியது. இந்த விதியில் சோதனைக்காக வண்டிக்குப் பின்னால் நிறுத்தும் உருளையின் உயரம் 0.8 மீட்டர், குறுக்களவு 0.3 மீட்டர். அதைப் படித்ததும் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு எழுந்தேன். எண்பது சென்டிமீட்டர் என்பது நடக்கப் பழகிய குழந்தையின் உயரம். எழுதியவர்கள் யாரை நினைத்து எழுதினார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

ஐ.நா. விதி காமிராவோ, கண்ணாடியோ, சென்சாரோ ஏதாவது ஒரு வழி இருந்தால் சரி என்கிறது. அமெரிக்கா படமே வேண்டும் என்கிறது. இதில் நான் அமெரிக்கா பக்கம். பீப் சத்தத்துக்குத் தொட்டியும் ஒன்றுதான், பேத்தியும் ஒன்றுதான். நூறு தடவை தொட்டிக்காகக் கத்தினால், நூற்றியோராவது தடவை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். திரையில் குழந்தை தெரிந்தால் கால் தானாக பிரேக்குக்குப் போகும். தமிழ்நாட்டில் 2022-இல் பள்ளி வாகனங்களுக்கு முன்னும் பின்னும் காமிராவும், பின்பக்கம் சென்சாரும் கட்டாயம் என்று விதியைத் திருத்தினார்கள். நல்ல காரியம். அதே குழந்தை வீடு திரும்பி விளையாடும் வாசலில் நிற்கும் காருக்கு மட்டும் சென்சார் போதுமா? இங்கும் புதிய கார் எல்லாவற்றுக்கும் காமிராவைக் கட்டாயமாக்கத்தான் வேண்டும்.

கார் ஷோரூமில் வேலை பார்க்கும் நம் பையன் ஒருவன், "சார், மழையில லென்ஸ்ல சேறு அடிச்சிட்டா காமிராவும் குருடுதான்" என்றான். சரிதான். அதனால் இப்போது வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, லென்ஸைத் துடைத்துவிட்டுத்தான் ஏறுகிறேன். ஆமாம், காமிரா வாங்கிப் பொருத்திவிட்டேன். கழற்றிய ஒயரையும் மறுபடி இணைத்தாயிற்று. துளசி மாடத்துக்கு இன்னமும் கத்துகிறது, கத்தட்டும். பேத்திக்குப் புது சைக்கிள் வாங்கியாயிற்று. அதில் ஏறினால் அவளும் பின்னால் திரும்பிப் பார்த்து "பீப், பீப்" என்றுதான் ஓட்டுகிறாள்.