விண்வெளியில் ஒரு பிரவுசிங் சென்டர்: வாடகை தரப்போவது யார்?

கம்ப்யூட்டர் வாங்கும்போது நாம் எல்லோரும் மெஷினின் விலையைத்தான் பேரம் பேசுகிறோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் யுபிஎஸ், பிரின்டர் இங்க், மாதா மாதம் இன்டர்நெட் பில் என்று ஒவ்வொன்றாகத் தலை காட்டும். விண்வெளி நிலையம் கட்டி வாடகைக்கு விடலாம் என்று கிளம்பியிருக்கும் தனியார் கம்பெனிகளுக்கும் இதே சிக்கல்தான். கட்டுவதைப் பற்றி நிறையப் படிக்கிறோம். கட்டிய பிறகு மாதா மாதம் யார் பணம் தரப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு.

நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. 2024 செப்டம்பர் 18 அன்று மத்திய அமைச்சரவை ககன்யான் திட்டத்தை விரிவுபடுத்தி, பாரதிய அந்தரிக்ஷ் ஸ்டேஷனின் முதல் தொகுதியையும் அதில் சேர்த்தது. திட்டத்தின் மொத்தச் செலவு 20,193 கோடி ரூபாய். முதல் தொகுதி 2028-ல், ஐந்து தொகுதிகளும் சேர்ந்த முழு நிலையம் 2035-ல் என்பது இலக்கு. நம் வரிப்பணம்!

அங்கே செலவு எப்படி இருக்கும்? சர்வதேச விண்வெளி நிலையத்தை நடத்த நாசா ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர் செலவிடுகிறது. 2019-ல் தனியாருக்கு அதைத் திறந்துவிட்டபோது நாசா ஒரு விலைப்பட்டியல் வெளியிட்டது. ஒரு ஜிபி டேட்டாவைக் கீழே அனுப்ப 50 டாலர். ஒரு யூனிட் மின்சாரம் 42 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 2,900 ரூபாய். காற்று, கழிப்பறை வசதிக்கு மட்டும் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 11,250 டாலர். சாப்பாடு முதலிய பொருட்களுக்கு இன்னொரு 22,500 டாலர். இதுவும் சலுகை விலைதான்! 2021-ல் அசல் செலவைக் கணக்கிட்டு மாற்றியபோது, ஒரு கிலோ சரக்கை மேலே கொண்டுபோகும் கட்டணம் 3,000 டாலரிலிருந்து 20,000 டாலராக ஏறியது.

இந்தத் தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் ராபர்ட் பிகலோ. வாடகை அறைகள் நடத்திச் சம்பாதித்தவர், 1999-ல் விண்வெளிக் கம்பெனி தொடங்கினார். பலூன் போல மேலே போய் விரியும் அறைகள் அவருடைய திட்டம். 2006-லும் 2007-லும் ஜெனிசிஸ் என்ற இரண்டு மாதிரிகள் மேலே போய் நன்றாகவே வேலை செய்தன. 2016-ல் அவருடைய அறை ஒன்று சர்வதேச நிலையத்திலேயே பொருத்தப்பட்டது. ஆனால் 2020 மார்ச்சில் ஊழியர்கள் அனைவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தொழில்நுட்பத்தில் குறையில்லை. அறை தயார், வழக்கமாக வந்து தங்க ஆள் இல்லை. கல்யாண மண்டபம் கட்டியவருக்கு முகூர்த்த நாளே வராமல் போனால் எப்படி இருக்கும்?

வந்த வாடிக்கையாளர்கள் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. 2025 ஜூனில் நம் சுபான்ஷு சுக்லா ஆக்ஸியம்-4 பயணத்தில் போய் 18 நாட்கள் தங்கி வந்தார். நடத்தியது தனியார் கம்பெனி. இந்தியாவுக்குச் செலவு சுமார் 550 கோடி ரூபாய். உடன் சென்றவர்களில் ஒருவர் போலந்து, ஒருவர் ஹங்கேரி. மூன்று இருக்கைகளுக்கும் பணம் தந்தவை அரசாங்கங்கள்! பெயர்தான் தனியார் சந்தை.

நான் பள்ளியில் படித்த காலத்தில் அறந்தாங்கியிலும் புதுக்கோட்டையிலும் பிரவுசிங் சென்டர்கள் இருந்தன. பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் உள்ளே நுழைய முடியாது. மற்ற நாட்களில் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டரும், பிறகு கைக்குக் கை போனும் வந்ததும் பெரும்பாலான கடைகள் போய்விட்டன. தப்பித்தவர்கள் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று மாறிக்கொண்டவர்கள்.

விண்வெளி நிலையத்துக்கும் இப்படி ஒரு 'வீட்டுக் கம்ப்யூட்டர்' வந்துவிட்டது என்பது என் கருத்து. ஈர்ப்பு விசை உணரப்படாத சூழலில் மருந்துப் படிகங்களை வளர்ப்பது நிலையங்களின் பெரிய விற்பனைப் பேச்சு. வார்தா என்ற அமெரிக்கக் கம்பெனி ஆளே இல்லாத சின்னக் கலம் ஒன்றில் எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனவிரின் படிகங்களை உருவாக்கி, 2024 பிப்ரவரியில் பூமியில் இறக்கியே விட்டது. காற்றும் கழிப்பறையும் இல்லாமல் வேலை முடிகிறது என்றால், அந்த வாடிக்கையாளர் ஏன் நிலையத்துக்கு வருவார்?

நம்மிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. பிஎஸ்எல்வி ராக்கெட் செயற்கைக்கோளை விட்டுவிட்டபின் அதன் நான்காம் நிலை மேலே வீணாகச் சுற்றும். இஸ்ரோ அதற்கு சூரிய மின்தகடும் திசையை நிலைநிறுத்தும் வசதியும் கொடுத்து ஆய்வு மேடையாக்கிவிட்டது. பெயர் போயம். முதலாவது 2022 ஜூனில் போனது. 2024 டிசம்பர் 30 அன்று போன நான்காவதில் 24 கருவிகள். அதில் 10 இஸ்ரோவுக்கு வெளியே உள்ள கம்பெனிகளும் கல்லூரிகளும் செய்தவை. காராமணி விதை நான்கே நாளில் முளைவிட்டது இதில்தான். நம் பக்கத்துக் கொல்லையில் விளையும் அதே தட்டைப்பயறு! பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி எறியாமல் பிரின்ட் சர்வராக வைத்துக்கொள்ளும் புத்தி இது. எனக்கு மிகவும் பிடித்த இந்திய விண்வெளித் திட்டமும் இதுதான்.

அப்படியானால் மனிதர் தங்கும் நிலையமே வேண்டாமா? வேண்டும். கருவி மக்கர் செய்தால் கழற்றிப் பார்க்க ஆள் வேண்டும். நீண்ட நாள் தங்கினால் மனித உடல் என்ன ஆகும் என்பதை மனிதரை அனுப்பித்தான் அறிய முடியும். ஆனால் அது அரசாங்கம் செய்ய வேண்டிய ஆராய்ச்சி, லாபக் கணக்கில் வராது. நாசாவே 2025 ஆகஸ்டில் தன் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டது. புதிய தனியார் நிலையங்களில் எப்போதும் ஆள் இருக்க வேண்டியதில்லை, தொடக்கத்தில் நான்கு பேர் ஒரு மாதம் தங்க முடிந்தால் போதும் என்றது. செலவு எங்கே கடிக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

எனவே நம் நிலையத்துக்கு வாடகைதாரர்கள் வேண்டுமானால், அவர்களை இன்றைக்கே போயம் மேடையில் வளர்க்க வேண்டும். அதற்கு ராக்கெட் குறித்த காலத்தில் கிளம்ப வேண்டும். 2025 மே 18-ல் பிஎஸ்எல்வி சி61 தோல்வி, 2026 ஜனவரி 12-ல் சி62 தோல்வி. இஸ்ரோ இதைத் தாங்கிக்கொள்ளும். பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு சின்னக் கம்பெனி தன் ஒரே கருவியைச் செய்து முடித்துவிட்டு ராக்கெட்டுக்காக ஒரு வருடம் காத்திருந்தால் சம்பளம் எங்கிருந்து வரும்? என்னுடன் இன்ஜினியரிங் படித்தவர்கள் இப்படிப்பட்ட கம்பெனிகளில் சேரலாமா என்று கேட்கும்போது நானும் இதைத்தான் திருப்பிக் கேட்கிறேன்.

நான் வேலை செய்யும் சாப்ட்வேர் துறையில் சர்வர் வாடகைக்கு எடுக்கும்போது விலை, எத்தனை மணி நேரம் நிற்காமல் ஓடும், நின்றால் என்ன ஈடு என்று எல்லாம் முன்கூட்டியே எழுத்தில் இருக்கும். அதை நம்பித்தான் வங்கியும் கடன் தரும். இந்திய விண்வெளி நிலையத்துக்கும் அப்படி ஒரு பக்கம் போதும். ஒரு கிலோ கொண்டுபோக எவ்வளவு, ஒரு யூனிட் மின்சாரம் எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை இடங்களை அரசே பணம் கொடுத்து எடுத்துக்கொள்ளும், ராக்கெட் தோற்றால் எத்தனை மாதத்தில் மறுவாய்ப்பு. முதல் தொகுதி போகும் வரை இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த போயம் பறக்கும்போதே வெளியிடலாம்.