பழைய வாகனங்கள், புதிய பற்றரிக் கருவிகள்: வடக்கின் வீட்டு முற்றங்களில் எழும் ஒரு பொருளாதாரக் கேள்வி

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளின் பின்னர் 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீளத் திறக்கப்பட்டது. கொழும்பில் புதிய வாகனங்கள் இறங்கிய செய்திகள் பெரிதாக வெளிவந்தன. ஆனால் வடக்கு கிழக்கின் சாதாரண குடும்பங்களைப் பொறுத்தவரை அந்தத் திறப்பு வாசல்வரை வந்து சேரவில்லை. 2022இன் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு 200 ரூபா அளவில் இருந்த நாணய மாற்று 300 ரூபா மட்டத்துக்குப் போய்விட்டது. அதன்மேல் சுங்க வரி, உற்பத்தி வரி, 18 சதவீத பெறுமதி சேர் வரி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. இதனால் இருக்கும் பழைய முச்சக்கர வண்டியையும், அல்ரோவையும், 'பட்டா'வையும் இன்னும் பல ஆண்டுகள் ஓட்டியே ஆகவேண்டும் என்பதே யதார்த்தம்.

பழைய வாகனத்தை வைத்திருப்பது என்றால் அதைத் திருத்திக்கொண்டே இருப்பது. உதிரிப்பாகத்தின் விலையும் கராஜ் கூலியும் ஏறிய நிலையில், ரயர் மாற்றுதல், பிரேக் 'பாட்' மாற்றுதல் போன்ற வேலைகளை வீட்டு முற்றத்திலேயே செய்பவர்கள் இருக்கின்றனர். இந்தப் பின்னணியில்தான் பற்றரியில் இயங்கும் இம்பக்ட் ரெஞ்ச், அதாவது வயர் இல்லாமல் நட்டுக் கழற்றும் 'கண்', கடைகளிலும் புலம்பெயர் உறவுகள் கொண்டுவரும் பொதிகளிலும் எட்டிப் பார்க்கிறது. இது ஓர் ஆடம்பரப் பொருளா, உழைப்புக் கருவியா, அல்லது இன்னொரு கடன் பொறியா என்பது அதை எப்படித் தெரிவு செய்கிறோம் என்பதில் தங்கியுள்ளது.

பற்றரி தடைப்பொருளாக இருந்த காலம்

1990களில் யாழ்ப்பாணத்துக்கு எடுத்துச்செல்லத் தடை விதிக்கப்பட்ட பொருட்களின் பட்டியலில் பெற்றோலும் பற்றரியும் இருந்தன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதும், சில துளி பெற்றோலில் இயந்திரத்தை இயக்கி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டியதும் அன்றைய அன்றாடம். உதிரிப்பாகம் வராத காலத்தில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் ஓடவைத்தவை எமது மெக்கானிக்குகளின் கைகளே.

அந்தக் காலம் எமக்குக் கற்றுத்தந்த பாடம் ஒன்றுதான். ஒரு பொருளின் பெறுமதி அதன் விலையில் மட்டும் இல்லை. அது எதில் தங்கிநிற்கிறது என்பதிலும் இருக்கிறது. பற்றரிக் கருவிக்கு இது இரு மடங்கு பொருந்தும். கருவி பத்து ஆண்டுகள் உழைக்கலாம். பற்றரி அதற்கு முன்பே தளர்ந்துவிடும். அன்று அதே வகைப் பற்றரி யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ கிடைக்காவிட்டால், கையில் இருப்பது வெறும் இரும்பு.

இது யாருக்கு உண்மையில் தேவை?

சாதாரண காரின் சக்கர நட்டை இறுக்க வேண்டிய அளவு பொதுவாக 80 முதல் 110 நியூட்டன் மீற்றர் வரை. 100 நியூட்டன் மீற்றர் என்பதை 30 சென்ரிமீற்றர் நீளமான வீல் ஸ்பனரில் கொடுக்க, அதன் நுனியில் சுமார் 34 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். இது சரியாக இறுக்கப்பட்ட நட்டுக்கான கணக்கு. துருப்பிடித்தோ, யாரோ அளவுக்குமீறி இறுக்கியோ 300 நியூட்டன் மீற்றர் வரை போயிருந்தால், அதே ஸ்பனரில் 100 கிலோ விசை தேவை. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண் அதன்மேல் முழுதாக ஏறி நின்றாலும் 150 நியூட்டன் மீற்றரைத் தாண்டாது.

உடல் திடமாக உள்ளவருக்கு இதற்கு எளிய வழி உண்டு. இரண்டடி நீளமான சொக்கெற் கைபிடி ஒன்றை வாங்கினால் தேவைப்படும் விசை பாதியாகும். அதற்குப் பற்றரியும் வேண்டாம், சார்ஜரும் வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு தடவை ரயர் மாற்றுபவருக்கு அதுவே போதும்.

ஆனால் எமது சமூகத்தில் எல்லோருக்கும் உடல் திடமாக இல்லை. ஸ்பனரைக் காலால் மிதித்து நட்டைக் கழற்றுவதுதான் இங்கு பலரின் வழக்கம். செயற்கைக் காலுடன் நிற்பவருக்கு அது முடியாது. ஒரு கையை இழந்தவரால் ஸ்பனரைப் பிடித்துக்கொண்டே அழுத்தவும் முடியாது. குடும்பத்தைத் தனியே சுமந்து முச்சக்கர வண்டி ஓட்டும் பெண், ஏ-9 வீதியில் ரயர் காற்றுப் போனால் யாரையோ கைகாட்டி மறிக்க வேண்டியிருக்கிறது. இவர்களுக்கு இக்கருவி ஆடம்பரம் அல்ல.

காரணம் அது இயங்கும் விதத்தில் உள்ளது. நட்டு இறுகி நிற்கும்போது உள்ளே இருக்கும் சுத்தியல் பாகம் வில்லை அழுத்திப் பின்வாங்கி, சுழன்று வந்து அடிக்கிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அடிகள். அந்த அடியின் விசை நட்டுக்குப் போகிறது; கையைத் திருகும் எதிர்விசை மிகச் சிறிதளவே. அதனால்தான் 300 நியூட்டன் மீற்றர் கொடுக்கும் கருவியையும் ஒற்றைக் கையால் பிடிக்க முடிகிறது. ஆயினும் அதிர்வு கைக்கு வரும். கையிலோ தோளிலோ குண்டுச் சிதறல்களைச் சுமந்து வாழ்பவர்கள் வைத்தியரிடம் கேட்ட பின்னரே இதைத் தொடர்ந்து பயன்படுத்துவது நல்லது.

எவ்வளவு பலம் போதும்?

விற்பனையாளர்கள் முதலில் காட்டுவது பெரிய எண்ணைத்தான். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிடப்படுவது அநேகமாகக் கழற்றும் பலம். இறுக்கும் பலம் அதைவிடக் குறைவாக இருக்கும். உதாரணமாக மகிற்றாவின் டி.ரி.டபிள்யூ. 300 வகையின் இறுக்கும் பலம் 330 நியூட்டன் மீற்றர், கழற்றும் பலம் 580. ஒரே கருவிக்கு இரண்டு எண்கள். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒரே வகை எண்ணையே ஒப்பிட வேண்டும்.

வீட்டு வேலைக்கு அரை அங்குலத் தலை கொண்ட, இறுக்கும் பலம் 300 முதல் 450 வரையான, பிரஷ்லெஸ் மோட்டார் உள்ள 18 வோல்ற் கருவி போதுமானது. முச்சக்கர வண்டி, கார், வான், 'பட்டா' எல்லாவற்றுக்கும் அது ஈடுகொடுக்கும். 1000 நியூட்டன் மீற்றர் கொடுக்கும் வகை பற்றரியுடன் 3 கிலோவைத் தாண்டும். ஒற்றைக் கையால் வேலை செய்பவருக்கு அந்தப் பாரமே தடையாகிவிடும். கன்ரர் போன்ற லொறிகள் வேறு கதை. அவற்றின் நட்டுகளுக்குப் பெரிய தலைக் கருவி வேண்டும். பழைய ஜப்பானிய லொறிகளில் இடதுபக்கச் சக்கர நட்டுகள் மறுபக்கம் திருகுபவை என்பதையும் மறக்கக்கூடாது.

இம்பக்ட் டிரைவர் என்று விற்கப்படும் கால் அங்குல அறுகோண வாய்க் கருவி இதுவல்ல. அது மரத்திலும் தகரத்திலும் திருகாணி ஏற்றுவதற்கானது. விலை குறைவென்று அதை வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு.

சொக்கெற்றும் முக்கியம். பளபளக்கும் குரோம் சொக்கெற்றுகள் கைவேலைக்கானவை. தொடர்ந்து அடிவாங்கினால் வெடித்துச் சிதறக்கூடும். இம்பக்ட் வேலைக்கென்றே செய்யப்பட்ட கறுப்பு நிறத் தடித்த சொக்கெற்றுகளையே பாவிக்க வேண்டும். கண்ணாடி அணிவதும் அவசியம்.

198 வோல்ற் என்ற பொய்

88 வோல்ற், 198 வோல்ற், 388 வோல்ற் என்று ஸ்ரிக்கர் ஒட்டிய மலிவுக் கருவிகள் இணையக் கடைகளிலும் சந்தைகளிலும் கிடைக்கின்றன. இதைச் சிறு கணக்கால் உடைக்கலாம். ஒரு லித்தியம் கலத்தின் சாதாரண அழுத்தம் 3.6 வோல்ற். ஐந்தைத் தொடுத்தால் 18. முழுதாக சார்ஜ் ஏறினால் கலம் ஒன்று 4.2 வோல்ற், ஐந்தும் சேர்ந்து 21. அதனால் 18, 20, 21 என்று மூன்று எண்கள் எழுதப்பட்டாலும் மூன்றும் ஒன்றே. 198 வோல்ற் வேண்டுமென்றால் 55 கலங்களைத் தொடுக்க வேண்டும். கலம் ஒன்று சுமார் 45 கிராம். கலங்கள் மட்டுமே இரண்டரைக் கிலோ வரும். கையில் அடங்கும் பற்றரிக்குள் அது எப்படி நுழையும்?

இதே வழியில் 'அம்பியர் மணி' அளவையும் சோதிக்கலாம். 18 வோல்ற், 5 அம்பியர் மணி என்றால் வழக்கமான அளவில் பத்துக் கலங்கள். கலங்களே 450 கிராம். கூட்டுடன் 600 கிராமைத் தாண்டும். பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். 400 கிராம்கூட இல்லையென்றால் எழுதியிருப்பது பொய்.

பெயர்பெற்ற வகைகளிலும் பொறி உண்டு. மகிற்றாவின் வழமையான 18 வோல்ற் பற்றரியும், மலிவான ஜி வரிசைப் பற்றரியும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பொஷ்ஷின் பச்சைநிற வீட்டுப் பாவனைக் கருவிகளுக்கும் நீலநிறத் தொழில்முறைக் கருவிகளுக்கும் பற்றரி வேறு. வீட்டில் ஏற்கனவே ஒரு துளையிடும் கருவி இருந்தால் அதே பற்றரியில் இயங்கும் ரெஞ்சை வெறும் கருவியாக வாங்குவதே சிக்கனம்.

கனடாவிலிருந்து வரும் பொதி

எமது மக்களிடம் இத்தகைய கருவிகள் பல வந்துசேர்வது உறவுகள் வழியாகத்தான். அன்புடன் அனுப்பப்படும் அந்தப் பொதி சில வேளைகளில் முதல் நாளிலேயே புகைந்துவிடுகிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் மின்சாரம் 120 வோல்ற், இங்கு 230. அங்கு வாங்கிய சார்ஜரின் பின்புறத்தில் 120 வோல்ற் என்று மட்டும் இருந்தால், பிளக் மாற்றி எதுவும் உதவாது, சார்ஜர் எரியும். அழுத்தத்தைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். அல்லது அதே வகைக்கான 230 வோல்ற் சார்ஜரை இங்கே வாங்க வேண்டும். பிரித்தானியா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து ஆகியவற்றிலிருந்து வருபவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பிரித்தானிய 13 அம்பியர் பிளக் இங்கும் பொருந்தும்.

விமானப் பயணத்திலும் விதி உண்டு. உதிரி லித்தியம் பற்றரிகள் கைப்பையில் மட்டுமே வரலாம்; பெரிய பொதியில் போட முடியாது. 100 வட் மணி வரை தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. 18 வோல்ற்றை 5 அம்பியர் மணியால் பெருக்கினால் 90. அது தாராளமாக வரும். 6 அம்பியர் மணி என்றால் 108. அனுமதி கேட்க வேண்டும்.

எனவே வெளிநாட்டு உறவுகளிடம் "நல்லதாப் பார்த்து ஒண்டு வாங்கி அனுப்புங்கோ" என்று சொல்வதற்கு முன்னர், எந்த வகைக்கு இங்கு முகவரும் பற்றரியும் உண்டு என்று விசாரித்து, அந்த வகையின் பெயரைச் சொல்லிக் கேட்பதே புத்தி.

கழற்றுவதற்கு இயந்திரம், இறுக்குவதற்கு அளவு

இக்கருவியின் பெரிய ஆபத்து கழற்றுவதில் இல்லை, இறுக்குவதில் இருக்கிறது. 100 தேவைப்படும் நட்டுக்கு 300 கொடுத்தால் போல்ட் இழுபட்டுத் தளரும், பிரேக் டிஸ்க் நெளியும். அடுத்த தடவை வீதியோரத்தில் சாதாரண ஸ்பனருடன் நிற்பவரால் அதைக் கழற்றவே முடியாது. முறை இதுதான்: நட்டை முதலில் விரலால் ஏற்றுங்கள். குறுக்கு மறுக்காக மெதுவாக இறுக்குங்கள். சக்கரம் நிலத்தில் பட்டபின் ரோர்க் ரெஞ்சால், வாகனக் கையேட்டில் உள்ள அளவுக்கு முடியுங்கள். சில பத்துக் கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் சரிபாருங்கள். இயந்திரத்தின் சிறு போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீற்றரே போதும். அங்கு இக்கருவியைக் கொண்டுபோகவே கூடாது.

எமது மணற்பாங்கான முற்றங்களில் ஜக் புதையும். கீழே தடித்த பலகை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே போகாதீர்கள், ஸ்ராண்ட் கட்டாயம். பற்றரியைத் தகரக் கொட்டிலிலும் வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள்ளும் வைத்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும்.

ஆகவே குறைந்த பணத்துடன் தொடங்குபவருக்கான வரிசை இது: முதலில் ஸ்ராண்டும் நீண்ட கைபிடியும், பின்னர் ரோர்க் ரெஞ்ச், அதன் பின்னரே இம்பக்ட் ரெஞ்ச். தவணைக் கடனுக்கு இக்கருவியை வாங்குவது, தொழிலாகச் செய்யாதவருக்குத் தேவையற்ற சுமை. நுண்கடனில் எமது பெண்கள் பட்டது போதும்.

தனித்தனியே வாங்காமல், சேர்ந்து வாங்கலாம்

ஒவ்வொரு முச்சக்கர வண்டித் தரிப்பிடத்துக்கும் சங்கம் உண்டு. ஒரு கருவி, இரண்டு பற்றரி, ஒரு ரோர்க் ரெஞ்ச் என்ற தொகுதியைச் சங்கமாக வாங்கினால் இருபது பேருக்கு உதவும். அதில் ஓட்டும் பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் முதலில் பயன்பெறுவர்.

வாழ்வாதார உதவி வழங்குவோரும் இதைக் கவனிக்க வேண்டும். 2009இற்குப் பின்னர் இங்கு வந்த உதவிகளில் தையல் இயந்திரமும் கோழிக்கூடும் நிறைந்திருந்தன. பொருளைக் கையளித்துப் படமெடுப்பதுடன் உதவி முடிந்துவிட்டால், பழுதடைந்த அன்றே அது மூலைக்குப் போகும். தொழிற்கருவி வழங்குவதென்றால் மாவட்டத்துக்கு ஒரே பற்றரி வகை, உதிரிப் பற்றரி, உள்ளூரில் செல்லுபடியாகும் உத்தரவாதம், ஒருநாள் பயிற்சி ஆகியவை அதன் பகுதியாக இருக்க வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. அத்தகைய ஒருநாள் பயிற்சியை அங்கு நடத்துவது பெரிய காரியமல்ல.

தடைக் காலத்தில் இல்லாததை வைத்துச் சமாளித்தோம். இன்று பொருள் வருகிறது. ஆனால் தெரிவு செய்யும் அறிவு இல்லாமல் வந்தால் அது இன்னொரு தங்கிநிற்றலாகவே முடியும். எந்தக் கருவியை வாங்குவதற்கு முன்னரும் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது அதன் பலத்தை அல்ல. ஐந்து ஆண்டுகளின் பின்னர் இதன் பற்றரியை எங்கே வாங்கலாம், பழுதானால் யார் திருத்துவார் என்ற இரண்டையும் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால், அந்தக் கடையிலிருந்து நீண்ட கைபிடியை மட்டும் வாங்கிக்கொண்டு வரலாம்.