முதற் கோணல் முற்றும் கோணல்

‘முதற் கோணல் முற்றும் கோணல்’ என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்வாக்கு வீடு கட்டுவோர்க்கு மட்டுமன்றி, கணினிக்கு நிரல் எழுதும் மாணவியராகிய நமக்கும் பொருந்தும் என்பதே எங்கள் கருத்து.

நிரலில் ‘இனக்குழு’ என்பது ஓர் அச்சு. அதிலிருந்து பிறப்பவை ‘பொருள்கள்’. 1960-களில் நார்வே நாட்டு அறிஞர்களான டால், நைகார்டு இருவரும் சிமுலா மொழியில் இவற்றைப் புகுத்தினர். 1979-இல் ஸ்ட்ரவுஸ்ட்ரப் தொடங்கிய பணி, பின்னர் சி பிளஸ் பிளஸ் மொழியாக மலர்ந்தது. அம்மொழியிலும் ஜாவாவிலும், ஒரு பொருள் பிறக்கும்போது ஒரே ஒரு முறை தானாக இயங்கி, அதற்கு வேண்டிய மதிப்புகளை அமைப்பதே ‘ஆக்கி’. இனக்குழுவின் பெயரே அதற்கும் பெயர்.

நாம் ஆக்கி எழுதாவிடில், ஜாவா தானே ஒன்றைத் தந்துவிடும். அப்போது எண்ணுக்குரிய இடத்தில் 0 நிற்கும். பெயருக்குரிய இடத்தில் ‘நல்’ என்னும் வெறுமை நிற்கும். நிரலும் தடையின்றி ஓடும். ஆனால், தோழியரே, சற்று எண்ணிப் பாருங்கள்! தேர்வெழுதி ஒன்றும் பெறாதவளுக்கும் 0; காய்ச்சலால் தேர்வுக்கே வராதவளுக்கும் 0. வகுப்பின் சராசரி தாழும். வராதவள் தோற்றவள் ஆவாள். இது நீதியாகுமா?

ஞானஸ்நானப் பதிவேட்டை நாம் அறிவோம். குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானப் பெற்றோர் ஆகிய விவரங்களைக் கேட்டறிந்த பின்னரே பங்குக் குரு பதிவு செய்கிறார். நல்ல ஆக்கியும் அத்தகையதே. பெயரும் மதிப்பெண்ணும் கேட்கும் ஆக்கியை நாமே எழுதிவிட்டால், ஜாவா தன் வெற்று ஆக்கியைத் தராது. விவரமின்றிப் பொருள் ஆக்க முயன்றால், நிரலைத் தொகுக்கும்போதே மறுத்துவிடும். மதிப்பெண் 100-ஐத் தாண்டினால் பிழை எழுப்பி நிறுத்தும்படியும் நாம் எழுதலாம். அப்போது அப்பொருள் நம் கைக்கே வராது. தேர்வுக்கு வராதவளுக்கு ‘வரவில்லை’ என்று தனிக் குறிப்பும் வைக்கலாம்.

“முதலில் வெறுமையாக ஆக்குவோம், பிறகு நிரப்பிக் கொள்வோம்” என்பர் சிலர். அந்தப் ‘பிறகு’ மறந்து போவதே வழக்கம். வெறுமைச் சுட்டை 1965-இல் அறிமுகப்படுத்திய டோனி ஹோர் என்னும் அறிஞரே, 2009-இல் அதனைத் தம் நூறு கோடி டாலர் தவறு என்று வருந்தினார். அறிஞர்க்கே இக்கதி எனில், நாம் எம்மாத்திரம்?

ஆகவே, செய்முறைத் தேர்வில் “நிரல் ஓடுகிறதா?” என்பதோடு “எதை ஏற்க மறுக்கிறது?” என்றும் ஆசிரியையர் கேட்க வேண்டுகிறோம். இன்று பயிற்சிக்காக நாம் எழுதும் பட்டியலில் இருப்பவை கற்பனைப் பெயர்கள். நாளை அங்கே உண்மையான ஒரு பெண்ணின் பெயர் இருக்கும். அவளுக்குரியதை அவளுக்கு முதலிலேயே சரியாக அளிப்பது நம் கடமையன்றோ!