வலது கை போனால் துப்பாக்கியும் போச்சா?

காவலர் ஒருவருக்குப் பணியில் விரல் போய்விடுகிறது. அல்லது மணிக்கட்டு நொறுங்கிவிடுகிறது. சில மாதத்தில் காயம் ஆறிவிடும். அதற்கப்புறம்தான் சிக்கல்!

"இந்தக் கையில் மறுபடியும் துப்பாக்கி கொடுக்கலாமா?"

அவருக்கு அது சோற்றுப் பிரச்சினை. ரோட்டில் போகிற வருகிற ஜனங்களுக்கோ உயிர்ப் பிரச்சினை. இரக்கப்பட்டுக் கொடுத்துவிடவும் முடியாது. கட்டைப் பார்த்து மிரண்டு மறுத்துவிடவும் கூடாது.

ஐந்து விரலுக்கும் வேலை

விசையை இழுப்பது ஆள்காட்டி விரல். இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் பிஸ்டலை ஆடாமல் அசையாமல் பிடித்திருப்பது நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும்தான். பூட்டைத் திறப்பதும், தோட்டாக் கூட்டைக் கழற்றும் பொத்தானை அமுக்குவதும் கட்டை விரல். ஆகவே "சுண்டு விரல்தானே போச்சு" என்று லேசாகச் சொல்லிவிட முடியாது.

ஆள்காட்டி விரல் போனவர் நடுவிரலால் விசையை இழுக்கப் பழகலாம். ஆனால் அந்த அளவுக்குப் பிடியில் பலம் குறையும். பிடி தளர்ந்தால் குறி மட்டுமா தவறும்? ஒவ்வொரு வெடிக்கும் பிஸ்டலின் மேல்பாகம் பின்னால் போய், காலித் தோட்டாவை வெளியே வீசிவிட்டு, அடுத்ததை உள்ளே ஏற்றும். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் அந்த இயக்கம் பாதியில் சிக்கிக்கொள்ளும். ரிவால்வரில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சுத்தியலை முன்கூட்டியே இழுத்து வைக்காமல் சுட்டால், அதன் விசை ரொம்ப கனம். பலமில்லாத விரல் திணறும்.

கையை மாற்றினால்?

"வலது போனால் இடது இருக்கே!" என்பார்கள். சொல்வது சுலபம்.

பெரும்பாலான துப்பாக்கிகள் வலக்கைக்காரருக்காகச் செய்தவை. போலீசார் நெடுங்காலம் தூக்கிய .303 ரைபிளின் இழுப்புக் கம்பி வலது பக்கம் இருக்கும். இடது தோளில் வைத்துச் சுடுகிறவர் ஒவ்வொரு குண்டுக்கும் கையை மேலே தாண்டிக் கொண்டுபோக வேண்டும். தானியங்கி ரைபிள்கள் பலவும் சூடான காலித் தோட்டாவை வலது பக்கம் வீசும். இடது தோள்காரருக்கு அது முகத்துக்கு முன்னால் பறக்கும்!

கண்ணும் சேர்ந்து பழக வேண்டும். வலக்கைக்காரரில் பெரும்பாலோருக்கு வலது கண்தான் மேலோங்கி நிற்கும். இடது கையில் பிஸ்டல் பிடித்தாலும் வலது கண்ணால் குறி பார்த்துச் சமாளிக்கலாம். ரைபிளில் அந்தச் சலுகை கிடையாது. தோள் மாறினால் கண்ணும் மாறியாக வேண்டும். இடுப்பு உறையும் பக்கம் மாற வேண்டும். மொத்தத்தில் முதல் நாள் பாடத்திலிருந்து ஆரம்பம்!

ஹங்கேரிக்காரர் காட்டிய வழி

முடியாது என்பவர்களுக்குப் பதில், ஹங்கேரி ராணுவத்தைச் சேர்ந்த கரோலி டகாக்ஸ். 1938-ல் பயிற்சியின்போது கையெறி குண்டு வெடித்து வலது கை நாசமானது. சுடும் கையே அதுதான்! மனுஷர் ஓசைப்படாமல் இடது கையில் பழகினார். 1939-ல் தேசியப் போட்டியில் ஜெயித்து எல்லாரையும் வாய் பிளக்க வைத்தார்.

1940, 1944 ஒலிம்பிக் பந்தயங்கள் யுத்தத்தால் நடக்கவில்லை. 1948-ல் லண்டனில் 38 வயதில் தங்கம், அதுவும் உலக சாதனையோடு! 1952-ல் ஹெல்சிங்கியில் மறுபடியும் தங்கம். அவர் ஜெயித்தது 25 மீட்டர் அதிவேக பிஸ்டல் பந்தயத்தில். நிதானமாகக் குறி பார்க்க அதில் நேரமே கிடையாது.

நம் நாட்டு மணீஷ் நர்வாலுக்குப் பிறவியிலேயே வலது கை ஊனம். இடது கையால் சுட்டு, 2021-ல் டோக்கியோவில் நடந்த பாராலிம்பிக்கில் தங்கமும், 2024-ல் பாரிசில் வெள்ளியும் வாங்கினார்.

மைதானம் வேறு, ரோடு வேறு

இதை வைத்தே "எல்லாராலும் முடியும்" என்று தீர்ப்புச் சொன்னால் அதுவும் தப்பு. பிஸ்டல் பந்தயத்தில் எல்லாருமே ஒற்றைக் கையால்தான் சுட வேண்டும் என்பது விதி. இன்னொரு கை இல்லாதது அங்கே அவ்வளவாகத் தெரியாது. குறிப்பலகைக்குப் பின்னால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டமும் கிடையாது.

ரோட்டில் அப்படியா? ஒரு கையில் ஆளைத் தள்ள வேண்டும், கதவைத் திறக்க வேண்டும். தோட்டா தீர்ந்தால் மாற்ற வேண்டும். சிக்கினால் எடுத்துவிட வேண்டும். ஒற்றைக் கையால் இதையெல்லாம் செய்யத் தனிப் பயிற்சி வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பணிக்காலத்தில் ஊனமடைந்த அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ, பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். பழைய வேலை செய்ய முடியாவிட்டால், அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். 1995-ம் ஆண்டுச் சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு இருந்தது. பணியில் அடிபட்டுக் காலை இழந்த மத்தியப் படைக் காவலர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பியது செல்லாது என்று 2003-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது அதை வைத்துத்தான்.

ஆனால் 2021 ஆகஸ்டில் வந்த அறிவிக்கை, மத்திய ஆயுதப் படைகளின் போர்ப் பணியாளர்களை இந்தப் பிரிவிலிருந்து விலக்கி வைத்தது. துப்பாக்கியோடு அதிகம் புழங்குகிறவர்களுக்கே கவசம் மெலிந்துபோனது!

சம்பளம் பாதுகாப்பாக இருந்தால், துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்று பயமில்லாமல் முடிவெடுக்கலாம். வேலை போகும் என்ற பயம் இருந்தால்? வலியை மறைப்பார், நடுங்கும் கையோடு காவலுக்கு நிற்பார். அதனால் ஆபத்து அவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிற ஜனங்களுக்கும்தான்.

எனவே, காயம் ஆற அவகாசம் கொடுக்கட்டும். கைக்கும் கண்ணுக்கும் பயிற்சி கொடுக்கட்டும். பிறகு மற்றவர்களுக்கு வைக்கும் அதே பரீட்சையை இவருக்கும் வைக்கட்டும். தேறினால் துப்பாக்கி, தேறாவிட்டால் சம்பளம் குறையாத வேறு வேலை. எத்தனை விரல் மிச்சம் என்று எண்ணுவதை விட்டு, குறிப்பலகையில் எத்தனை ஓட்டை விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதே நியாயம்!