"வீட்டுல செய்ததுதானே" என்று விலை பேசாதீங்க

ஒவ்வொரு பெருநாளைக்கும் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் ஒரே புலம்பல்தான்: "இப்பத்தப் பொம்புளைகளுக்குப் பலகாரம் சுடத் தெரியா. எல்லாம் கடைக் கேக்." இதைச் சொல்ற ஆம்பிளைகள்ல எத்தனை பேர் ஒரு தரமாவது தொதல் சட்டிக்குப் பக்கத்துல நின்று அகப்பையைப் பிடிச்சிருப்பாங்க?

பலகாரம் சுடுற பழக்கம் குறையுது என்ற கவலை எங்களுக்கும் உண்டு. ஆனால் இவ்வளவு காலமும் அது யாருடைய உடம்பில ஓடினது என்று முதல்ல பேசுவோம். தொதலுக்கு அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் சக்கரையும் இருந்தால் மட்டும் போதாது. அடிப்பிடிக்க விடாம, எண்ணெய் பிரியும் வரைக்கும் மணிக்கணக்காகக் கிண்டுறதுக்குக் கையும் வேணும். வட்டிலப்பத்துக்குத் தேங்காய் திருகி, பால் பிழிஞ்சு, கருப்பட்டி கரைச்சு, முட்டை அடிச்சு அவிக்க வேணும். கொக்கிஸ் அச்சை ஒவ்வொரு தடவையும் எண்ணெயில சூடாக்கி மாவில தோய்க்க வேணும். இதெல்லாம் நோன்பு பிடிச்சுக்கொண்டு, நோன்புக் கஞ்சியும் காய்ச்சிக்கொண்டு நடந்த வேலை. மாரி தொடங்க முன்னம் ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, வறுத்த மா என்று போத்தலும் டின்னும் நிரப்பி வச்சதும் அதே உம்மாமார்தான். "கைப்பக்குவம்" என்று ஊர் புகழ்ந்தது. கூலி என்று ஒரு சதமும் கொடுக்கல்ல.

இப்ப அதே வேலையைப் பெண்கள் ஓடருக்குச் செய்றாங்க. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று எந்த ஊரிலயும் வட்ஸ்அப்பில ஓடர் எடுக்கிற ஒரு ராத்தா இருப்பா. அவவிடம் ஊர் கேக்கிற முதல் கேள்வி: "வீட்டுல செய்ததுதானே, ஏன் இவ்வளவு விலை?"

வீட்டுக்கு என்ன, கேஸ் சும்மாவா வருது? 2022 ஏப்ரலில, நோன்பு மாசத்துலயே, 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 2675 ரூபாவிலிருந்து 4860 ரூபாவுக்கு ஏறினது. பேக்கரிக்காரர் விலையைக் கூட்டினால் வாயை மூடிக்கொண்டு கொடுக்கிற ஊர், ராத்தா கூட்டினால் மட்டும் "பேராசை" என்கிறது. கடையில வாங்குறவர் கடை வாடகைக்கும், வேலையாளின் சம்பளத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார். வீட்டில செய்றவவின் நேரத்துக்கு மட்டும் ஏன் விலை பூச்சியம்?

"பெருநாள் பலகாரம் பாசத்தில செய்றது, அதுக்கும் கணக்கா?" என்று சிலர் கேப்பாங்க. சரி, பாசம் என்றால் பங்கு எடுங்க. நபியவர்கள் வீட்டு வேலைகளில குடும்பத்தாருக்கு உதவினார்கள் என்று ஆயிஷா நாயகி அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில இருக்கு. தொழிலாளியின் வியர்வை உலர முன்னம் கூலியைக் கொடுக்கச் சொல்லும் ஹதீஸும் நமக்குத் தெரியும். அது மேசனுக்கும் தச்சனுக்கும் மட்டும் சொன்னதா?

இந்த வேலை எவ்வளவு பெரிசு என்பது அது நிற்கும்போதுதான் விளங்கும். 1975 ஒக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்தில சுமார் 90 வீதமான பெண்கள் வேலைத்தலத்திலும் வீட்டிலும் ஒரு நாள் வேலையை நிறுத்தினாங்க. நாடே தடுமாறினது. தகப்பன்மார் பிள்ளைகளைக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனாங்க. இங்க அப்படி யாரும் வேலைநிறுத்தம் அறிவிக்கல்ல. நம்ம உம்மாமார் ஒவ்வொருத்தராகச் சத்தமில்லாம அகப்பையைக் கீழ வைக்கிறாங்க, அவ்வளவுதான். அதைப் போய்ப் பண்பாட்டு அழிவு என்று அவங்க தலையிலயே கட்டுறது அநியாயம்.

ஆகவே நாங்கள் கேக்கிறது மூணு விஷயம். ஒன்று, வீட்டுப் பலகாரத்துக்குப் பேரம் பேசாதீங்க. ஓடர் கொடுக்கும்போதே முற்பணம் கொடுங்க, மிச்சத்தைப் "பெருநாள் முடியட்டும்" என்று இழுக்காதீங்க. ரெண்டு, விற்கிற ராத்தாமாரே, உங்க மணித்தியாலங்களையும் விலையில சேருங்க. மூணு, தம்பிமாரே, அடுத்த தொதலுக்குத் தேங்காய் திருகுறதிலிருந்து சட்டி கழுவுறது வரைக்கும் நில்லுங்க. உம்மாவிட அளவுகளையும் கேட்டு எழுதி வையுங்க. அதுக்குப் பிறகும் பலகாரம் அழியுது என்று தோணினால், வாங்க, சேர்ந்து கவலைப்படுவோம்.