தாசர்களும் வான்னபிகளும்

1985ஆம் ஆண்டு பாடகி மடோனா தன் முதல் இசைப் பயணத்தை வட அமெரிக்காவில் நடத்தினார். அவரைக் காண வந்த பதின்வயதுப் பெண்கள் பலரும் அவரைப் போலவே வந்தார்கள்: லேஸ் கையுறை, கை நிறைய ரப்பர் வளையல்கள், கழுத்தில் சிலுவை, தலையில் பெரிய ரிப்பன். அந்த மே மாதம் மடோனாவை அட்டையில் வெளியிட்ட 'டைம்' வார இதழ் இவர்களை 'வான்னபி' என்று குறித்தது. 'வான்ட் டு பி' (ஆக விரும்புவது) என்பதை வேகமாகச் சொன்னால் கிடைக்கும் பேச்சு வழக்கு. முன்பே புழங்கிய சொல்தான். ஊரறிய வைத்தவர்கள் இந்தப் பெண்கள்.

ஊர் சிரித்தது. ஊடக ஆய்வாளர் ஜான் ஃபிஸ்க் சிரிக்கவில்லை. பெண் எப்படி இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் விதித்ததை மறுத்துப் பார்க்கும் துணிச்சலை அந்த வேஷம் அவர்களுக்குக் கொடுத்தது என்று எழுதினார். அவர் பக்கம்தான் நான்.

ஆனால் இச்சொல்லுக்கு இன்னொரு முனையும் உண்டு. ஸ்பைக் லீயின் 'ஸ்கூல் டேஸ்' (1988) திரைப்படம் கறுப்பின மாணவர்களின் கல்லூரியில் நடக்கும் கதை. வெளிர்நிறமும் நீண்ட முடியும் கொண்ட பெண்களை, கருநிறமும் சுருள்முடியும் கொண்ட பெண்கள் அதில் 'வான்னபி' என்கிறார்கள். வெள்ளையாக ஆசைப்படுகிறவள் என்று பொருள். பதிலுக்கு வரும் வசை இதைவிடக் கொடியது. தம்மை இழிவுசெய்தவரின் நிறத்துக்கே ஏங்க வேண்டியிருக்கும் அவலம் அங்கே பேசுகிறது. அந்தக் கோபத்தை மறுக்க மாட்டேன்.

எழுத்தில் நடப்பது வேறு. நம் மரபில் இன்னொருவரைப் போல ஆக ஆசைப்பட்டவர்கள் அதை ஒளிக்கவே இல்லை. இளம் பாரதி 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். புதுச்சேரியில் அவரோடு பழகிய கனகசுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். பாரதிதாசன்மேல் பற்றுக்கொண்ட இராசகோபாலன் சுப்புரத்தினதாசன் ஆகி, சுரதா என்று சுருங்கினார். வான்னபி அடுத்தவர் நம் முதுகில் ஒட்டும் சீட்டு. தாசன் நாமே சூடிக்கொள்வது. தாசன் என்பதில் அடிமைத்தனம் இருக்கிறது என்பார்கள். சுயமரியாதை இயக்கத்தில் நின்று பாடிய பாரதிதாசனுக்கு அது தெரியாதா? பெயரை அவர் விடவில்லை. 'அழகின் சிரிப்பு' படித்துவிட்டு பாரதியின் நகல் என்று யார் சொல்வார்? சுரதாவின் உவமைகளிலும் பாரதிதாசனைத் தேடிக் களைக்க வேண்டியதுதான்.

அண்மைக்காலமாகத் தமிழ் மதிப்புரைகளிலும் 'வான்னபி' தலைகாட்டுகிறது. பெரும்பாலும் முதல் தொகுப்பு போட்ட இளைஞர்மேல். வருத்தமாக இருக்கிறது. நம் இதழுக்கு வரும் கவிதைகளில் பிரமிளின் குரல் கேட்கிறது, ஆத்மாநாமின் குரல் கேட்கிறது, தேவதேவனின் குரல் கேட்கிறது. கேட்கட்டும். அந்தக் குரல் எந்த வரியில் நழுவி, எழுதியவரின் சொந்தக் குரல் எட்டிப்பார்க்கிறது என்று தேடிப் படிக்கிறோம். அந்த வரியைக் குறித்து அவருக்குக் கடிதம் போடுகிறோம்.

மதிப்புரை எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒருவர் வேறொருவரைப் போல எழுதுகிறார் என்று பட்டால், யாரைப் போல என்று பெயர் சொல்லுங்கள், இருவரின் வரிகளையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். 'வான்னபி' என்ற ஒற்றைச் சொல்லால் ஒரு தொகுப்பை முடித்துவைக்கும் மதிப்புரையை இனி இந்த இதழ் அச்சிடாது.